கிஸ்ஸாவும் நாவலும்: எந்த அளவுகோலால் அளக்கிறோம்?

சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்' 1885இல் வெளிவந்தது. இலங்கையர் எழுதிய ஆரம்பத் தமிழ் நாவல் என்று பெருமையோடு சொல்கிறோம். அடுத்த பந்தியிலேயே, 'தற்செயல் நிகழ்ச்சிகள் மிகுதி, பாத்திர வளர்ச்சி போதாது' என்று குறையும் எழுதிவிடுகிறோம். எங்கட மாணவர்களின் ஆய்வேடுகளில் இந்த இரண்டும் சேர்ந்தே வருகின்றன. ஆங்கில நாவலின் அளவுக்கு வெட்டிய உடுப்பைப் போட்டுவிட்டு, உடம்பு சரியில்லை என்று சொல்வது என்ன நியாயம்?

ஆசிரியர் தம் நூலுக்கு இட்ட பெயர் 'சரித்திரம்'. வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வந்தது. ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் தொடராக வந்தது. மூன்று பேரும் ஒரே சொல்லை எடுத்திருக்கிறார்கள். 'நாவல்' என்ற பெயர் அப்போது இங்கே வேரூன்றவில்லை என்பதற்கு இது போதும்.

பெயர்கள் எப்படி வேரூன்றுகின்றன என்பதற்கு எங்கட இலக்கியமே நல்ல சாட்சி. கிஸ்ஸா, மசலா, முனாஜாத்து, நாமா ஆகியவற்றைத் தமிழின் இலக்கிய வடிவங்களாக எடுத்துக்காட்டியவர் மர்ஹூம் பேராசிரியர் ம. மு. உவைஸ். முதல் மூன்றும் அரபுச் சொற்கள், நாமா பாரசீகம். ஆனால் அவை வந்த கோலத்திலேயே நிற்கவில்லை. 'முனாஜாத்' உகரம் பெற்று 'முனாஜாத்து' ஆயிற்று. ஒளி என்று பொருள்படும் 'நூர்' என்ற சொல், 'நூறு நாமா'வில் 'நூறு' ஆயிற்று. 'நூறு மசலா'வில் வரும் நூறோ தமிழ் எண். எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். அரபுச் சொல் இவ்வளவு தூரம் தமிழாகிப்போனதால், வாசிப்பவர்தான் வித்தியாசத்தை அறிந்துகொள்ள வேண்டும்.

ஆங்கிலச் சொல்லும் இதே வழியில்தான் வந்தது. 'நாவலை', 'நாவலாசிரியர்' என்று வேற்றுமையும் புணர்ச்சியும் ஏற்றுக்கொண்ட பிறகு அது அந்நியச் சொல் அல்ல. இன்னொன்றையும் கவனியுங்கள். தமிழகத்தார் டாக்டர், காலேஜ் என்று எழுதுவதை நாங்கள் டொக்டர், கொலிஜ் என்று எழுதுகிறோம். அந்தக் கணக்கில் இது 'நொவல்' என்றல்லவா இருக்க வேண்டும்? இச்சொல் எங்களுக்கு ஆங்கிலத்திலிருந்து நேரே வராமல் தமிழக அச்சு வழியாக வந்தது என்றே நான் கருதுகிறேன். மாற்றாக அங்கே ஆக்கிய 'புதினம்' இங்கே எடுபடவில்லை. "என்ன புதினம்?" என்று கேட்டால் எங்கட ஊரில் செய்திதான் சொல்வார்கள்.

சொல் உருமாறி வந்தது என்றால், அது குறிக்கும் வடிவம் மட்டும் மாறாமல் வருமா? சொனெட்டைப் பாருங்கள். இத்தாலியில் பெத்ரார்க் கையாண்டபோது அதன் பதினான்கு வரிகள் எட்டும் ஆறுமாகப் பிரிந்தன. இங்கிலாந்தில் ஷேக்ஸ்பியரிடம் மூன்று நாலடிகளும் ஓர் ஈரடியுமாக அமைந்தன. இயைபு முறையும் மாறியது. ஷேக்ஸ்பியரைக் 'குறையுள்ள பெத்ரார்க்' என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலேயருக்குக் கொடுக்கும் அந்தச் சலுகையைச் சித்திலெப்பைக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்?

மிஸ்ரில் பிறந்த பிள்ளை களவுபோகிறது, இந்தியாவில் வளர்கிறது, கடைசியில் தன் குலத்தைக் கண்டடைகிறது. இதுதான் அசன்பேயின் கதை. யூசுப் நபியின் கிஸ்ஸாவைக் கேட்டு வளர்ந்தவருக்கு இந்தத் தடம் புதிதல்ல. அங்கே பிள்ளை தகப்பனைப் பிரிந்து மிஸ்ருக்குப் போகிறது; இங்கே மிஸ்ரிலிருந்து வெளியே போகிறது. பிரிவு, பயணம், சோதனை, மீண்டும் சேர்தல் என்ற ஒழுங்கு ஒன்றுதான். நாங்கள் 'தற்செயல்' என்று கோடிடும் இடத்தில் 1885இன் வாசகர் அல்லாஹ்வின் நாட்டத்தைக் கண்டிருப்பார். கதையின் கட்டுமானமே அந்த நம்பிக்கையில் நிற்கிறது. அதைக் குறையாகக் கணக்குப் பண்ணினால், நூலின் முதுகெலும்பையே பிழை என்று சொன்னதாகும்.

இதனால் அதை வெறும் கிஸ்ஸா என்று ஒதுக்கிவிடவும் முடியாது. பழைய கிஸ்ஸாக்கள் பாட்டும் வசனமுமாக, சபையில் படித்துக் காட்டப்பட்டவை. சித்திலெப்பை எழுதியது தனியே இருந்து வாசிக்கும் உரைநடை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவரின் கை அதில் தெரிகிறது. மிஸ்ரின் அறபி பாஷா நாடுகடத்தப்பட்டு 1883இல் கொழும்பில் வந்திறங்கினார். இரண்டு வருடத்தில் வெளிவந்த கதையின் நாயகன் மிஸ்ரின் பிள்ளை, பெயரில் 'பே' என்ற துருக்கிப் பட்டம். அன்றைய வாசகருக்கு அது பத்திரிகையில் வாசித்த தேசம். பழைய தடத்தில் சமகாலத்தை நடக்கவிட்டதுதான் அவருடைய சாதனை.

ஆகவே இந்நூலை எடுக்கும் இளம் ஆய்வாளர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நாவல் இலக்கணத்தைக் கையில் எடுக்குமுன் இரண்டு கிஸ்ஸாக்களையாவது முழுக்க வாசியுங்கள். அதற்குப் பிறகும் குறை தெரிந்தால் தயங்காமல் எழுதுங்கள். அப்போது அது சித்திலெப்பையின் குறையாக இருக்கும். நாம் பிடித்த அளவுகோலின் குறையாக இராது.