மணம் தவிர்ந்த புத்தூர்: பெரியபுராணத்தில் தவிர்ந்த மணமும் பெண்ணின் வழக்கும்

சுந்தரர் தடுத்தாட்கொள்ளப்பட்ட வரலாறு தமிழாய்வில் பெரிதும் இருவகையாகப் பயன்பட்டு வந்துள்ளது. சைவ அறிஞர்கள் அதனை இறையருளின் சான்றாகக் கொண்டனர்; வரலாற்று நோக்குடையோர் பழந்தமிழக ஊரவையின் நீதிமுறைக்குச் சான்றாகக் கொண்டனர். மூல ஓலை, படியோலை, கையெழுத்து ஒப்பீடு, ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூவகைச் சான்று ஆகியன பற்றி விரிவாகப் பேசப்பட்டுள்ளது. அவ்வழக்கினால் மணம் இழந்த பெண்ணைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. திருமணத்தைச் செல்லாததென அறிவிக்கும் இக்காலச் சட்டத்தின் மொழியோடு ஒப்பவைத்து, அப்பெண்ணுக்குச் சேக்கிழார் தந்த இடத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருநாவலூர்ச் சடையனார் மகனார் நம்பியாரூரருக்கும் புத்தூர்ச் சடங்கவி சிவாசாரியார் மகளுக்கும் மணம் பேசி, ஓலை போக்கி, நாளும் குறிக்கப்பட்டது. மணமகன் பந்தரில் அமர்ந்த நிலையில் முதிய அந்தணர் ஒருவர் வருகிறார். தமக்கும் மணமகனுக்கும் இடையே பழைய வழக்கொன்று உண்டென்றும், அதை முடித்த பின்னரே மணவேள்வி தொடங்கலாம் என்றும் கூறுகிறார். இன்றைய நீதிமன்ற வழக்கில் இதனைத் தடையாணை கோரும் விண்ணப்பம் எனலாம். ஆரூரரின் பாட்டனார் எழுதித் தந்த அடிமை ஓலையே அவருடைய ஆவணம். ஆரூரர் அதைப் பறித்துக் கிழிக்கிறார், கிழிந்தது படியோலை. மூல ஓலை வெண்ணெய்நல்லூர் அவையில் காட்டப்படுகிறது. பாட்டனாரின் வேறொரு கைச்சாத்தோடு ஒப்பிட்டு, ஆரூரர் தோற்றார் என அவையோர் தீர்ப்பளிக்கின்றனர்.

இத்தீர்ப்பில் மணம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவை ஆராய்ந்தது அடிமைத் திறம் ஒன்றையே. மணம் தொடருமா, முறியுமா, புத்தூர்ப் பந்தரில் காத்திருக்கும் பெண்ணின் நிலை யாது என்பவற்றை அவையிடம் கேட்டவர் எவரும் இலர். அவள் அவைக்கு அழைக்கப்படவுமில்லை; அவள் சார்பில் பேச ஆளுமில்லை. வாதியும் பிரதிவாதியும் தத்தம் வழக்கைத் தாமே பேசிக்கொண்ட அம்மன்றத்தில், மிகுதியாக இழந்தவள் வழக்கின் தரப்பினளே அல்லள். நீதிமுறையின் நுட்பத்தை வியந்து எழுதிய நம் ஆய்வாளர்கள் இந்த ஓட்டையைக் காணாது போனது வியப்பளிக்கிறது.

1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் மணமுறிவையும் மணச் செல்லாமையையும் வேறுபடுத்துகிறது. மணமுறிவு, இருந்த மணத்தை முடித்துவைப்பது. 11ஆம் பிரிவின்கீழ் வரும் மணமோ தொடக்கம் முதலே இல்லாதது. வாழ்க்கைத் துணை உயிரோடிருக்கச் செய்துகொண்ட மறுமணம் அதற்கு எடுத்துக்காட்டு. 12ஆம் பிரிவின்கீழ் வருவது, பாதிக்கப்பட்டவர் வேண்டி நீதிமன்றம் அறிவிக்கும்வரை செல்லும் மணம். சட்டத்தமிழில் இதனைத் 'தவிர்தகு' மணம் என்பதுண்டு. வலுக்கட்டாயத்தாலோ மோசடியாலோ பெற்ற இசைவு இதில் அடங்கும். மற்றவரைப் பற்றிய முதன்மையான செய்தி எதையும் மறைத்துப் பெற்ற இசைவையும் மோசடியில் அடக்கியது 1976ஆம் ஆண்டுத் திருத்தம். பொய்யும் வழுவும் புகுந்த பின்னரே மணத்துக்குக் கரணம் வகுக்கப்பட்டது எனத் தொல்காப்பியர் கூறும் காரணத்தை இவண் நினைவுகூரலாம். பொய்யைத் தடுக்க வந்தது கரணம். கரணத்துக்குள்ளேயே பொய் புகுந்தால் வருவது 12ஆம் பிரிவு.

'தவிர்' என்னும் வினை புத்தூரையும் விட்டுவைக்கவில்லை. அவ்வூர் பின்னர் 'மணம் தவிர்ந்த புத்தூர்' எனப் பெயர் பெற்றது. கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டியை அடுத்து உள்ள அவ்வூர் இன்று 'மணம்தவிழ்ந்தபுத்தூர்' என வழங்குகிறது. (தவிர்ந்த என்பது தவிழ்ந்த எனத் திரிந்ததால் பொருளே மறைந்துவிட்டது, ஊர்ப்பெயராய்வாளர் கருதத்தக்கது.) நடவாத மணம் ஓர் ஊருக்குப் பெயராக நின்றது. மணப்பெண்ணுக்கோ பெயர் இல்லை. நூல் முழுவதிலும் அவள் சடங்கவியாரின் மகள் மட்டுமே.

மணம் அழிந்த பின் அவள் ஆரூரரையே நினைந்திருந்து சிவலோகம் எளிதாக அடைந்தாள் என்று சேக்கிழார் மிகச் சுருக்கமாகச் சொல்லிச் செல்கிறார். மரபுவழி உரையாளர்க்கு இது பேறு. பெண்ணிய நோக்கில் படிப்போர்க்கு, கதைக்குத் தேவைப்படாத பெண்ணைப் புலவர் அப்புறப்படுத்திய இடம். இவ்விரண்டில் எதுவும் முழுதாகப் பொருந்துவதாகத் தோன்றவில்லை. அவளைக் கணக்கில் கொள்ளாமல் விட்டிருந்தாலும் காப்பிய ஓட்டம் கெட்டிராது. அவ்வாறு விட்டுவிடச் சேக்கிழாருக்கு மனம் வரவில்லை. ஆனால் புத்தூரில் அவள் வாழ்வதற்கு ஓர் இடத்தை அவரால் காணவும் முடியவில்லை. ஊரவை அவளுக்கு வழி சொல்லாதபோது, புலவர் சிவலோகத்தையே சொல்ல வேண்டியதாயிற்று.

சேக்கிழாருக்குப் பெண்ணின் குரலை ஒலிக்கச் செய்யும் ஆற்றல் இல்லை என்பார்க்குச் சங்கிலியார் வரலாறு விடையாகும். சிவனடியார் ஒருவருக்கே தாம் உரியவர் என்பதைச் சங்கிலியார் வாய்திறந்து சொல்கிறார். பெற்றோர் அதற்கு இணங்கி அவரைத் திருவொற்றியூரில் கன்னிமாடத்தில் அமர்த்துகின்றனர். பிரியேன் என்று சுந்தரர் சூளுரைக்க வேண்டிய நிலை வந்தபோது, கோயிலினுள் சூளுறும் வேளையில் இறைவன் மகிழமரத்தடிக்கு விலகியிருக்க வேண்டுமென அவர் கேட்டுக்கொள்கிறார். இறைவனோ சங்கிலியாரின் கனவில் தோன்றி, சூளை மகிழின்கீழ்ப் பெறுமாறு கூறிவிடுகிறார். எதிர்த்தரப்பின் உபாயத்தை முன்னறிந்து, உறுதிமொழியை எங்கே பெறவேண்டும் என அறிவுறுத்தும் இச்செயல் தேர்ந்த வழக்கறிஞரின் செயலன்றி வேறென்ன? பின்னர்ச் சுந்தரர் சூள் தவறி ஒற்றியூர் எல்லையைக் கடந்தபோது கண்ணொளி இழக்கிறார். புத்தூரில் வாதியாக வந்து மணத்தை நிறுத்திய அதே இறைவன், ஒற்றியூரில் பெண்ணின் துணைவனாக நிற்கிறான். சங்கிலியாருக்குக் கிடைத்த துணை முதற்பெண்ணுக்குக் கிடைக்கவில்லை என்பதே இவ்விரு பகுதிகளுக்கும் இடையிலான வேறுபாடு.

இவ்வேறுபாடு பழங்கதையோடு முடிந்துவிடவில்லை. 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, வழக்கறிஞரை அமர்த்திக்கொள்வதைத் தரப்பினரின் உரிமையாக வழங்கவில்லை. நீதிமன்றம் தேவையெனக் கருதினால் நடுநிலை உதவியாளராகச் சட்டவல்லுநரை அழைக்கலாம். வெண்ணெய்நல்லூரில் நிகழ்ந்ததுபோல் தரப்பினர் நேரில் பேசித் தீர்வு காணவேண்டும் என்பது இதன் நன்னோக்கம். பெங்களூருவில் இச்செல்லாமை கோரும் தமிழ்ப் பெண்ணொருத்தியை எண்ணிப் பார்க்கலாம். அவள் தமிழில் சொல்வது கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ மனுவாக வேண்டும். 'ஏமாற்றிக் கட்டிவைத்துவிட்டார்கள்' என்று அவள் சொல்வது, எச்செய்தி மறைக்கப்பட்டது, என்று தெரியவந்தது, தெரிந்த பின் இசைந்து உடன் வாழ்ந்தாளா என மூன்றாகப் பிரிக்கப்பட வேண்டும். மோசடி தெரிந்த நாளிலிருந்து ஓராண்டு கடந்தால் மனு நிலைக்காது. இப்பிரித்துரைக்கும் பணி உரையாசிரியர் பணியை ஒத்தது. பெரியபுராணத்துக்குப் பேருரை கண்ட கோவை சி.கே.சுப்பிரமணிய முதலியார் தொழிலால் வழக்கறிஞர் என்பதும் இங்கு எண்ணத்தக்கது. துணையின்றி மனு எழுதும் பெண் தன் துயரை முழுதும் எழுதிவிட்டுச் சட்டத்துக்கு வேண்டிய ஒரு நாளை எழுதாது விடக்கூடும்.

மணமே இல்லையென அறிவித்த பின் அப்பெண் யார்? பிள்ளைகளைப் பொறுத்தமட்டில் 16ஆம் பிரிவு விடை கூறிவிட்டது; அவர்கள் முறையான பிள்ளைகளே. பெற்றோரின் பங்கில் அவர்களுக்குள்ள உரிமையைக் கர்நாடகத்திலிருந்து எழுந்த வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் 2023 செப்டம்பர் 1 அன்று தெளிவாக்கியது. பெண்ணைப் பொறுத்து விடை தாமதமாகவே வந்தது. செல்லா மணத்தின் துணைவரும் 25ஆம் பிரிவின்கீழ் நிலையான வாழ்வூதியம் கோரலாம் என்று மூவர் அமர்வு 2025 பிப்ரவரி 12 அன்று தீர்ப்பளித்தது. தமிழாய்வாளர் கவனிக்கவேண்டியது அத்தீர்ப்பின் சொல்லாராய்ச்சியாகும். பம்பாய் உயர்நீதிமன்ற முழு அமர்வு இத்தகைய பெண்ணைக் குறிக்க 'முறையற்ற மனைவி', 'பற்றுடைய ஆசைநாயகி' எனும் பொருள்படும் ஆங்கிலத் தொடர்களை ஆண்டிருந்தது. அவை பெண்ணின் மாண்பைக் கெடுப்பன என உச்சநீதிமன்றம் கண்டித்ததோடு, செல்லா மணத்தின் கணவனை எவரும் இவ்வாறு அடைகொடுத்து அழைத்ததில்லை என்பதையும் சுட்டியது. காமக்கிழத்தி, பரத்தை எனப் பெண்ணுக்குப் பல பெயர் வகுத்து, அவளிடம் செல்லும் ஆணைத் தலைவன் என்றே நிறுத்திய நம் உரைமரபுக்கும் இக்கண்டனம் பொருந்தும்.

சேக்கிழார் அவளுக்கு இத்தகைய பெயர் எதையும் இடவில்லை. மனைவி என்றும் சொல்லவில்லை, கைவிடப்பட்டவள் என்றும் சொல்லவில்லை. நம்பியாரூரரைப் பரவையாரின் கணவராகவும் சங்கிலியாரின் கணவராகவும் பாடும்போதும் புத்தூரைப் பற்றிப் பேச்சில்லை. நம்பியாரூரர் தோற்ற வழக்கைப் பாடத்திட்டங்களில் நீதிமுறைக்கு எடுத்துக்காட்டாக வைக்கும்போது, மாணவர் கேட்கவேண்டிய வினாவாக அப்பெண்ணின் வழக்கையும் உடன் வைக்கலாம்.