தட்டுச் சோற்றின் விலையை யார் சுமப்பது?

பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை இலங்கை அரசும் தமிழ்நாட்டு அரசும் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டன. பள்ளியில் ஒரு வேளைச் சோறு போட இரண்டுமே பணம் ஒதுக்குகின்றன. ஆனால் அரிசியும் முட்டையும் விலை ஏறும்போது அந்தச் சுமை யார் தலையில் விழுகிறது என்று பார்த்தால், இரண்டு ஏற்பாடுகளும் வெவ்வேறு என்பது தெரியும்.

தமிழ்நாட்டில் 1956இல் முதலமைச்சர் காமராசர் தொடங்கிய மதிய உணவு, அரசின் பங்கோடு ஊராரின் நன்கொடையையும் நம்பி நடந்தது. பிறகு அமெரிக்க உதவி அமைப்பான கேர் வழியாக வெளிநாட்டு உணவுப் பொருள் வந்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவுத் திட்டம்தான் சோறு போடுவதை அரசின் நிரந்தர வேலையாக்கியது. அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என்று மையங்களுக்குப் பணியிடங்கள் உருவாயின. கணவனை இழந்த பெண்களும் கைவிடப்பட்ட பெண்களும் பெருமளவில் அந்த வேலைகளுக்கு வந்தார்கள்.

காலையில் வருகைப் பதிவு முடிந்ததும் சாப்பிடுவோர் கணக்கு சமையற்கூடத்துக்குப் போகிறது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, மேல் வகுப்புப் பிள்ளைக்கு 150 கிராம் என்று அளந்து உலையில் போடுகிறார்கள். அரிசியை அரசின் நுகர்பொருள் வாணிபக் கழகம் தருகிறது. முட்டையை அரசே ஒப்பந்தத்தில் வாங்குகிறது. காய்கறிக்கும் எரிபொருளுக்கும் தரும் தொகை போதவில்லை என்று அமைப்பாளர்கள் முறையிடுவதுண்டு. ஆனாலும் சந்தையில் முட்டை விலை ஏறினால் சமையலரின் சம்பளம் குறைவதில்லை.

இலங்கையில் பெரும்பாலும் உணவைச் சமைத்துத் தருபவர் ஒரு வழங்குநர். பல இடங்களில் அவர் அதே பாடசாலைப் பிள்ளையின் தாய். விடியுமுன் எழுந்து, வீட்டு அடுப்பிலேயே சோறு, பருப்பு, கீரை, முட்டை என்று அன்றைய பட்டியற்படி சமைத்து, பாத்திரங்களைச் சுமந்து பாடசாலைக்குக் கொண்டு வருகிறார். தலைக்கு இவ்வளவு என்று அரசு நிர்ணயித்த தொகை பிறகுதான் கைக்கு வரும். 2024இல் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் அனைவருக்கும் திட்டம் விரிந்தபோது அந்தத் தொகை 110 ரூபா. பொருள், விறகு, உழைப்பு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கொடுப்பனவு தாமதித்தால் அவர் கடைக்காரரிடம் கடன் சொல்கிறார். விலை எகிறினால் தட்டில் முட்டை சிறுக்கும், அல்லது அவர் வேலையை விட்டுவிடுவார். 2022 பொருளாதார நெருக்கடியில் பல பாடசாலைகளில் உணவு நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். நாட்டின் விலைவாசியை ஓர் ஏழைத் தாயின் அடுப்பங்கரையில் இறக்கி வைப்பது நியாயமே அல்ல.

ஏழைப் பிள்ளைக்காகச் செலவிட இலங்கைக்குத் தெரியாது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கல்வி அமைச்சர் கன்னங்கரா வழியமைத்த இலவசக் கல்வி 1945இல் வந்தது. 1980 முதல் பாடநூலும், 1993 முதல் சீருடைத் துணியும் அரசுப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கிடைக்கின்றன. நெருக்கடிக்குப் பிந்திய 2023இலும் அவை நிற்கவில்லை. பாடநூல்களில் ஒரு பகுதி இந்தியக் கடனுதவியில் அச்சானது. சீருடைத் துணியின் பெரும்பகுதியைச் சீனா தந்தது. அரசு எப்பாடு பட்டாவது அவற்றைத் தேடிக் கொடுத்தது, ஏனெனில் பாடநூலும் சீருடையும் பிள்ளையின் உரிமை என்று நாடு பழகிவிட்டது. சோற்றுக்கு அந்தத் தகுதி இன்னும் வரவில்லை. 1989இல் ஜனாதிபதி பிரேமதாச தொடங்கிய மதிய உணவுத் திட்டம் நிலைக்கவில்லை. பின்வந்த திட்டங்கள் உலக உணவுத் திட்டம் முதலிய வெளி உதவிகளையும் நம்பி நின்றன.

தமிழ்நாட்டில் ஆட்சிகள் மாறியும் சத்துணவு நின்றதில்லை. கருணாநிதி முட்டை சேர்த்தார், ஜெயலலிதா கலவை சாதங்களைச் சேர்த்தார், 2022இல் ஸ்டாலின் காலை உணவைத் தொடங்கினார். முந்தியவர் போட்ட சோற்றை நிறுத்த எவருக்கும் துணிவில்லை. அங்கும் ஒரு பெருங்குறை உண்டு. 8,997 சமையல் உதவியாளர்களை மாதம் 3,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுக்க அரசு ஆணையிட்டது. பிள்ளையின் பசியைப் போக்க ஒரு பெண்ணின் வயிற்றில் அடிப்பது, இலங்கை செய்யும் தவற்றுக்கே திரும்பும் வழி.

இலங்கை செய்ய வேண்டியது தெளிவு. அரிசி, பருப்பு, முட்டையை அரசு பொருளாகவே பாடசாலைக்குத் தரட்டும். சமைப்பவருக்குத் தட்டுக் கணக்கில் அல்லாமல் மாதச் சம்பளம் கொடுக்கட்டும். மலையகத்துச் சிறு பாடசாலையிலும் வன்னியின் கடைக்கோடிப் பாடசாலையிலும் ஒரு சமையலறை எழட்டும். இந்தச் செலவை வரவுசெலவுத் திட்டத்தில் பாடநூல் செலவுக்கு அடுத்த வரியில், எந்த அரசும் அழிக்க முடியாதபடி எழுத வேண்டும். புத்தகத்தை உரிமையாக்கிய நாட்டுக்குச் சோற்றையும் உரிமையாக்க முடியும்.