ராடார் கண்டதா, கணக்கு ஊகித்ததா?

வாசகரே, தீப்பற்றிய கட்டடம் ஒன்றை மனத்தில் எண்ணிப் பாருங்கள். புகையில் கண்ணும் காமிராவும் பயனற்றுப் போகின்றன. அங்கே உள்ளே சென்று படம் பிடிக்கும் ரோபோவுக்காக, அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2024-இல் 'பானோராடார்' என்னும் கருவியை அறிவித்தனர். விலை மலிந்த ஒற்றைச் சில்லு ராடாரே அதன் கண். இம்முயற்சியை நாம் எவ்வாறு மதிப்பிடுவது?

முதலில் அதன் தத்துவத்தைப் பார்ப்போம். 77 கிகாஹெர்ட்ஸ் ராடார் அலையின் நீளம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். ஒளியலையைப்போல் பல்லாயிரம் மடங்கு. எனவே நுண்ணிய புகைத்துகள்கள் அதைத் தடுப்பதில்லை. ஆனால் இந்த வரமே சாபமும் ஆகிறது. அலை நீண்டால், அதற்கேற்ப ஆண்டென்னாவும் அகன்றால்தான் படம் கூர்மையாகும். சிறு சில்லின் கோணப் பகுதிறன் சுமார் 15 பாகை எனக் கொள்வோம். பத்து மீட்டர் தொலைவில் இரண்டரை மீட்டர் இடைவெளிக்குள் நிற்கும் இருவரும் அதற்கு ஒருவரே! தொலைவை அளப்பதில் மட்டும் அது கெட்டிக்காரன்: 4 கிகாஹெர்ட்ஸ் அலைப்பட்டை இருந்தால் 4 சென்டிமீட்டர் வேறுபாட்டையும் கண்டுகொள்ளும்.

இக்குறையைப் போக்க, பென்சில்வேனியா அறிஞர்கள் ராடாரைச் சுழல விட்டனர். சுழலும் ஆண்டென்னா பல இடங்களில் பெற்ற எதிரொலிகளைக் கணக்கிட்டு இணைத்தால், பெரிய ஆண்டென்னா ஒன்றின் பயன் கிட்டும். 1951-இல் கார்ல் வைலி விமான ராடாருக்குக் கண்ட வழியின் உறவுமுறைதான் இது. ரோபோவின் அசைவை மில்லிமீட்டருக்கும் நுட்பமாக அறிய வேண்டும் என்பதால் இது எளிய செயலன்று. லேசர் கருவி கோட்டைவிடும் கண்ணாடிச் சுவரையும் இது காண்கிறது. இதுவரை நமது பாராட்டு முழுமையானது.

ஆனால் சுழற்சி தருவது பக்கவாட்டுக் கூர்மையே. மேல்கீழ்க் கூர்மை போதவில்லை. அதை நிரப்பக் கம்ப்யூட்டருக்கு லேசர் படங்களைக் காட்டிப் பயிற்சி அளித்துள்ளனர். கட்டடங்களில் சுவரும் தரையும் பெரும்பாலும் ஒரே ஒழுங்கில் அமைவதால், அது விடுபட்டதை ஊகித்துக்கொள்கிறது. இங்கேதான் நமக்கு ஐயம் எழுகிறது. தீயில் கூரை சரிந்து, ஒழுங்கெல்லாம் குலைந்த அறையில் அந்த ஊகம் எவ்வளவு தூரம் பொருந்தும்? தரையில் மயங்கிக் கிடப்பவரைச் 'சமதரை' என்று அது வரைந்துவிட்டால்?

ஊகமே கூடாது என்பது நம் கருத்தன்று. ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்பவர், செல்லரித்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுவார். தாம் ஊகித்த சொல்லைத் தனியே குறிப்பார். அந்த நாணயம் இப்படத்துக்கும் வேண்டும். அளந்தது ஒரு நிறத்திலும் ஊகித்தது வேறொரு நிறத்திலும் தெரியட்டும்.

இனி, 'மலிவான ராடாரில் துல்லியப் படம்' என்ற செய்தியைக் காணும்போது நீங்களும் கேளுங்கள்: இதில் ராடார் கண்டது எவ்வளவு, கணக்கு ஊகித்தது எவ்வளவு?