மே மாதத்துப் புதுக்கோட்டையில் ஒயின் பெட்டி

பொத்தானை 12 டிகிரியில் வைத்தேன். முகப்பில் ஒளிர்ந்த எண் 17-க்குக் கீழே இறங்க மறுத்தது. மேல்தட்டில் தண்ணீர் நிரப்பிப் படுக்க வைத்திருந்த பாட்டிலுக்குள் வெப்பமானியைச் செருகிப் பார்த்தால் 20. அறையில் 36. புதுக்கோட்டையில், கான்கிரீட் கூரை போட்ட ஒரு வீட்டின் மேல்மாடி முன்னறையில், மே மாதத்து மதியம் மூன்று மணிக்குப் பன்னிரண்டு பாட்டில் கொள்ளும் ஒயின் கூலர் தந்த கணக்கு இது.

பெட்டியைத் தயாரித்தவர் பெயரை வேண்டுமென்றே சொல்லவில்லை. பதினைந்தாயிரம் ரூபாயை ஒட்டி இணையக் கடைகளில் விற்கும் இந்த வகைப் பெட்டிகளுக்கு வெளிச்சட்டைதான் வேறு வேறு. உள்ளே இருக்கும் சமாச்சாரம் ஒன்றே. கண்ணாடிக் கதவு, கம்பித் தட்டுகள், நீல விளக்கு, பின்னால் ஒரு விசிறி. கம்ப்ரஸர் கிடையாது. குளிர வைப்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெல்டியர் தகடு. இரு வேறு கடத்திகள் சேரும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும் என்று பிரெஞ்சுக்காரரான பெல்டியர் 1834-ல் கண்டறிந்தார். இன்று அந்தக் கடத்திகளின் இடத்தில் பிஸ்மத் டெல்லுரைடு என்ற குறைக்கடத்தி இருக்கிறது. குளிர்ந்த பக்கம் பெட்டிக்குள், சூடான பக்கம் வெளியே விசிறியோடு. அசையும் பாகம் விசிறி மட்டும் என்பதால் சத்தமே இல்லை, அதிர்வும் இல்லை. பாட்டிலை ஆட்டாமல் அசைக்காமல் வைப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

சிக்கல் வேறு இடத்தில். இந்தத் தகடு தன்னைச் சுற்றியிருக்கும் காற்றை விட 15 முதல் 20 டிகிரி வரைதான் கீழே இறக்க முடியும். ஐரோப்பாவில் 22 டிகிரி அறையில் இது ராஜாங்கம் நடத்தும். நம் ஊர்க் கோடையில் திணறுகிறது. பெட்டியின் கையேட்டைப் பொறுமையாகப் படித்தால், அறை வெப்பம் 25-ஐத் தாண்டாமல் இருந்தால் நல்லது என்பது போல ஒரு வரி கடைசிப் பக்கங்களில் இருக்கும். வாங்குவதற்கு முன் அந்த வரியைத் தேடுங்கள்.

ஒயினுக்கு எதற்கு இவ்வளவு உபசாரம் என்ற கேள்வி நியாயமானது. விஸ்கியும் பிராந்தியும் பீரோவில் எத்தனை கோடை கிடந்தாலும் பெரிதாக மாறுவதில்லை. 42 சதவீத ஆல்கஹால் அவற்றைக் காக்கிறது. ஒயினில் இருப்பது 12, 13 சதவீதம்தான். மீதியெல்லாம் நீர், அமிலம், பழத்தின் மணம் தரும் நுண்ணிய சேர்மங்கள். வெப்பம் 10 டிகிரி ஏறினால் வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். நெடுநாள் வைக்க 12 முதல் 14 டிகிரி உகந்தது. நம் வீட்டு அலமாரியில் 34-இல் ஒரு கோடையைக் கழித்த ஒயின், நேற்று வைத்து இன்று மூன்றாம் முறை சுடவைத்த ரசம் மாதிரி ஆகிவிடும்: புளிப்பு இருக்கும், வாசம் போயிருக்கும். பாட்டிலுக்குள் ஒயின் விரிந்து கார்க்கை மேலே தள்ளுவதும் உண்டு. கழுத்தில் பிசுபிசுப்பாகக் கசிவு தெரிந்தால் கடையிலேயே அந்தப் பாட்டிலை விட்டுவிடுங்கள்.

இதே வெயிலில் ரோமானியர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பது என்னை வெகுநாளாக ஈர்க்கும் விஷயம். ஆலங்குடிப் பக்கத்துக் கருக்காக்குறிச்சியில் 1898-ல் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அகஸ்டஸ் காலம் முதல் வெஸ்பேசியன் காலம் வரையிலானவை. அந்தப் பொன்னைக் கொண்டுவந்த வணிகம்தான் மதுச் சாடிகளையும் கொண்டுவந்தது. யவனர் மதுவைப் பாண்டியன் நன்மாறன் அருந்தியதைப் புறநானூற்றின் 56-ஆம் பாட்டு பேசுகிறது. அரிக்கமேட்டில் தோண்டியெடுத்த சாடித் துண்டுகளை ஆராய்ந்த எலிசபெத் வில், அவற்றில் பல கிரேக்கத்துக் கோஸ் தீவு வகையைச் சேர்ந்தவை என்று காட்டினார். கோஸ் ஒயினில் கடல்நீர் கலப்பது வழக்கம். சாடியின் உட்புறத்தில் பிசின் பூசுவார்கள். உப்பும் பிசினும் கெடாமல் காக்கும். சுவை மாறினாலும் சரக்கு கரை சேரும். பன்னிரண்டு டிகிரிப் பெட்டி செய்யும் வேலையை அன்று உப்பு செய்தது.

இனி பெட்டியை இடம் மாற்றிய கதை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவருக்கு ராயவரத்தில் பூர்வீக வீடு இருக்கிறது. செட்டிநாட்டு வீடு, கனத்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, நடுவில் வளவு. தெருவில் 39 டிகிரி அடிக்கும்போது இரண்டாங்கட்டு உள்ளறையில் 30-தான். அங்கே வைத்ததும் பெட்டி வேறு பெட்டியாகிவிட்டது. ஒரு ராத்திரி ஓடவிட்டுக் காலையில் அளந்தால் பாட்டிலுக்குள் 14. மதியத்திலும் 15-ஐத் தாண்டவில்லை. அதே தகடு, அதே விசிறி. நூறு வருஷத்துக்கு முன்னால் கொத்தனார் செய்து வைத்த வேலை மீதி ஆறு டிகிரியைக் கொடுத்தது. உங்கள் வீடு அப்படிப்பட்டதாக இருந்தாலோ, ஏசி நாள் முழுக்க ஓடும் அறை இருந்தாலோ இந்தப் பெட்டியைத் தைரியமாக வாங்கலாம்.

நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. “அண்ணே, இந்தப் பொட்டிக்குக் கொடுக்குற காசுல நல்ல பாட்டிலா ஏழெட்டு வாங்கிரலாமே?” என்றார்.

“வாங்கலாம் தம்பி. வாங்கி எங்க வைப்ப?” என்றேன்.

மின்கட்டணத்தையும் பேசியாக வேண்டும். பெட்டி 70 வாட். கோடையில் ஒரு நொடி நிற்காமல் ஓடுகிறது. நின்று ஓய்வெடுக்கும் அளவுக்குக் குளிர் வந்தால்தானே நிற்கும்? நாளொன்றுக்கு 1.7 யூனிட், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைப்பதும் அதே 100 யூனிட்தான். பன்னிரண்டு பாட்டிலுக்காக அதை முழுசாகக் கொடுக்க வேண்டும். சாதாரண ஒற்றைக் கதவு ஐந்து ஸ்டார் ஃப்ரிட்ஜ் ஒரு வருஷத்துக்கே 150 யூனிட்டுக்குள் முடிக்கும் என்று அதன் மேல் ஒட்டிய லேபிள் சொல்கிறது. பெல்டியர் தகடு மின்சாரத்தை எவ்வளவு வீணாக்குகிறது என்பது இந்த ஒப்பீட்டில் விளங்கும்.

கரண்ட் போனால் இன்னொரு குறை தெரிகிறது. தகட்டின் வழியாகவே வெளிச்சூடு உள்ளே திரும்பி வரும். கண்ணாடிக் கதவும் அவ்வளவாகத் தடுப்பதில்லை. இரண்டு மணி நேர மின்தடையில் உள்ளே நாலைந்து டிகிரி ஏறிவிட்டது. ஆனால் மின்னழுத்தம் குறைந்தாலும் கூடினாலும் இது கவலைப்படுவதில்லை, ஸ்டெபிலைசர் வேண்டியதில்லை, இன்வெர்ட்டரிலும் ஓடும். விசிறியில் நம் ஊர்ச் செம்மண் புழுதி சேரும்; மாதம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்டிவிடாவிட்டால் இரண்டு டிகிரி போச்சு. ஐப்பசி மழையில் கதவில் வியர்த்து நீர் வழியும். கீழே பழைய துண்டு ஒன்று போட்டு வைத்தால் போதும்.

கம்ப்ரஸர் வைத்த ஒயின் கூலர் இரு மடங்கு விலை. வாங்குவதாக இருந்தால் பின்பக்கத்து ஸ்டிக்கரில் தட்பவெப்ப வகை என்ன என்று பாருங்கள். ‘என்’ என்றிருந்தால் 32 டிகிரி வரைக்கும்தான் அது பொறுக்கும்; ‘எஸ்டி’ என்றால் 38; ‘டி’ என்றால் 43. புதுக்கோட்டைக்கு ‘டி’தான் சரி. விற்பனையாளர் இதைச் சொல்லமாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இரண்டுமே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பெரும்பாலானோருக்கு நான் பரிந்துரைப்பதும் அதைத்தான்: சமையலறை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஊசி வெப்பமானியும். ஃப்ரிட்ஜுக்குள் ஏறத்தாழ 5 டிகிரி. திருகுமூடி போட்ட பாட்டில் அங்கே மாதக்கணக்கில் சுகமாக இருக்கும். கார்க் போட்டதைச் சில மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜின் வறண்ட காற்றில் கார்க் சுருங்கும். குடிக்கும்போது வெள்ளை ஒயின் 8 முதல் 12 டிகிரியில் இருக்கட்டும், சிவப்பு 15 முதல் 18-இல். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறச் சொன்னவர்கள் கணப்பு மூட்டிய பழைய ஐரோப்பிய வீட்டைக் கண்டு சொன்னவர்கள். நம் அறையில் அது 34-ஆக இருக்கும். ஆல்கஹால் நெடி மட்டும் மூக்கில் ஏறும். சிவப்பையும் ஃப்ரிட்ஜில் வைத்து, பரிமாற இருபது நிமிடம் இருக்கும்போது வெளியே எடுங்கள். அவசரமென்றால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடிக் கல்லுப்பு. கால் மணியில் வெள்ளை ஒயின் தயார்.

அப்படியானால் எந்தப் பாட்டில்? விலை அதிகமில்லாதவற்றையே சொல்கிறேன். சரியான குளிரில் பரிமாறினால் ஆயிரம் ரூபாய் ஒயின், வெயிலில் வெந்த ஐயாயிரம் ரூபாய் ஒயினைத் தோற்கடிக்கும் என்பதை இந்தச் சோதனைகளில் நாக்கே சொல்லிவிட்டது.

நாசிக்கின் சூலா செய்யும் செனின் பிளாங்க் முதலில். திருகுமூடி, மெல்லிய இனிப்பு, 9 டிகிரியில் அருமை. ஜெகதாப்பட்டினத்து நண்டைக் காரமாகச் செய்தால் இதுதான் துணை. ஆல்கஹால் கூடினால் மிளகாயின் எரிச்சலும் கூடும் என்பதால் நம் சாப்பாட்டுக்கு லேசான ஒயின்களே பொருந்தும். போர்ச்சுகலின் வின்யோ வெர்டே, லேசான இனிப்புள்ள ஜெர்மன் ரீஸ்லிங் இரண்டும் அந்த வகையில் விலைக்கு மேல் மதிப்புள்ளவை.

சிவப்பில், சோலாப்பூர் மாவட்டத்து அக்லூஜில் ஃப்ராட்டெல்லி செய்யும் சாஞ்சோவேசே எனக்கு மிகவும் பிடித்தது. புளிப்பு தூக்கலாக இருக்கும். தக்காளி சேர்ந்த ஆட்டுக்கறிக் குழம்போடு ஒட்டும். நந்தி மலைப் பக்கம் க்ரோவர் செய்யும் லா ரிசர்வ் கொஞ்சம் விலை கூடியது, ஆனாலும் கனமான சிவப்புக்கு நம் நாட்டில் நல்ல தொடக்கம். அர்ஜென்டினாவின் மெண்டோசா மால்பெக், சிலியின் கார்மனேர் இரண்டும் உலகச் சந்தையில் மலிவு. சிலியில் அந்தக் கார்மனேரை 1994 வரை மெர்லோ என்றே நினைத்து வளர்த்தார்கள்.

செட்டிநாட்டு மிளகுக் கோழிக்கு மட்டும் வேறு எதையும் யோசிக்காமல் ஷிராஸ். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட கண்டுபிடிப்பு ஒன்றுண்டு: ஷிராஸில் வரும் மிளகு வாசத்துக்குக் காரணம் ரொட்டண்டோன் என்ற சேர்மம். நம் கருமிளகிலும் இருப்பது அதே சேர்மம்தான். வறுத்த மிளகின் மேல் 16 டிகிரியில் ஒரு மிடறு ஷிராஸ் போனால், தட்டிலும் கிண்ணத்திலும் இருப்பது ஒரே வாசம் என்பது மூக்குக்கே தெரியும்.

வெளிநாட்டு ஒயினுக்கு இந்தியா 150 சதவீதச் சுங்கம் போடுகிறது. ஆஸ்திரேலிய ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29-ல் நடைமுறைக்கு வந்த பின், இறக்குமதி மதிப்பு 5 முதல் 15 டாலர் வரையுள்ள அந்நாட்டுப் பாட்டிலுக்கு அது 100 ஆக இறங்கியது. படிப்படியாக இன்னும் குறையும். ஆகவே வரும் ஆண்டுகளில் ஷிராஸ் பிரியர்களுக்கு நல்ல காலம்.

குளிர்பெட்டியே தேவைப்படாத ஒயின் ஒன்றும் உண்டு. போர்ச்சுகலுக்குச் சொந்தமான மதீரா தீவின் ஒயினைப் பீப்பாயில் ஏற்றி வெப்பக் கடல் வழியாக இந்தியாவுக்கு அனுப்பினார்கள். கப்பலின் அடித்தளத்தில் மாதக்கணக்கில் வெந்து திரும்பிய பீப்பாய், போனதைவிடச் சுவையாக இருந்தது. இன்று அதே காரியத்தைத் தீவிலேயே செய்கிறார்கள். 45 முதல் 50 டிகிரியில் மூன்று மாதம் சூடேற்றும் முறை பரவலானது. ஏற்கெனவே வெந்துவிட்ட ஒயின் என்பதால் திறந்த பாட்டில்கூட மாதக்கணக்கில் தாங்கும். வெளிநாட்டுக் கடையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் திருச்சியில் வந்து இறங்கும் நம் மாவட்டத்துக்காரர்கள் ஒருவருக்கு 2 லிட்டர் வரை தீர்வையின்றிக் கொண்டுவரலாம். 750 மில்லி பாட்டில் இரண்டுதான் அதற்குள் அடங்கும். ஒரு வெள்ளையும் ஒரு சிவப்புமாக எடுங்கள். விமான நிலையம் புதுக்கோட்டை சாலையிலேயே இருக்கிறது. வீடு ஒரு மணி நேரம். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில்தான் பல பாட்டில்கள் கெடுகின்றன. டிக்கியில் போடாமல் ஏசி படும்படி முன்சீட்டின் காலடியில் வையுங்கள். கீரனூரில் டீக்கு இறங்கும்போது காரை நிழலில் நிறுத்துங்கள், நிழல் கிடைக்காவிட்டால் பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு இறங்குங்கள். வெயிலில் பூட்டிய கார் அரைமணியில் 50 டிகிரியைத் தொட்டுவிடும்.