'வெடி': எல்லைப் பகுதி வழக்கும் மொழிபெயர்ப்புச் சிக்கலும்

திருவனந்தபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது ஆரியங்கோடு. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது அண்டையிலுள்ள விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் அமைந்தது. தமிழும் மலையாளமும் அடுத்தடுத்து வழங்கும் இப்பகுதியில், வடிவொற்றுமை பொருளொற்றுமை ஆகாது என்பதற்கு 'வெடி' என்னும் சொல் தக்க சான்றாகும்.

தமிழில் 'வெடி' என்னும் வினை பிளவுறுதலையும் உணர்த்தும். நிலம் வெடிக்கிறது, பருத்தி வெடிக்கிறது, குதிகாலில் வெடிப்புத் தோன்றுகிறது. வெடிமருந்து வழக்கிற்கு வந்தபின் பட்டாசு, குண்டு ஆகியவற்றின் அதிர்வையும் இச்சொல் குறிக்கலாயிற்று. மலையாளத்திலோ இப்பெயர்ச்சொல் துப்பாக்கிச் சூட்டையும் கோயில் வழிபாட்டு வெடியையும் சிறப்பாகக் குறிக்கிறது. 'வெடியேற்று' என்பது துப்பாக்கிக் குண்டு பட்டு என்றும், 'வெடிநிர்த்தல்' என்பது போர்நிறுத்தம் என்றும் பொருள்படும். குண்டுவெடிப்பை அம்மொழி 'ஸ்போடனம்' என்கிறது. 'வெடிப்பு' என்பதற்கோ அங்குத் தூய்மை, ஒழுங்கு என்பதே பொருள்.

'வைத்தல்' என்னும் துணையோடு வரும்போது சிக்கல் மிகுகிறது. தமிழகத்தில் 'பாறைக்கு வெடி வைத்தல்' என்பது வெடிபொருளைப் பொருத்தித் தகர்ப்பதாகும். மலையாள 'வெடிவய்ப்பு' துப்பாக்கியால் சுடுவதாகும். இலங்கைத் தமிழிலும் 'வெடி வைத்தல்' சுடுதலைக் குறிப்பதுண்டு. ஆதலின் இவ்வேறுபாட்டை மொழி எல்லையாக மட்டும் கருதுதல் பொருந்தாது. அது வட்டார எல்லையுமாகும்.

இவ்வேறுபாட்டை நோக்காத பெயர்ப்பு வரலாற்றையே திரித்துவிடும். 1938 ஆகஸ்ட் 31இல் நெய்யாற்றின்கரையிலும், 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டம், புதுக்கடை ஆகிய இடங்களிலும் நிகழ்ந்தவை போராடிய மக்கள்மீது நடத்தப்பட்ட துப்பாக்கிச் சூடுகள். மலையாளத்தில் இத்தகைய நிகழ்ச்சிக்கு 'வெடிவய்ப்பு' என்பதே பெயர். அதனை 'வெடிவைப்பு' என எழுத்து மாற்றி அமைத்தால், தமிழக வாசகர் யாரோ வெடிகுண்டு வைத்தனர் என்றே கொள்வர். அரசின் செயல் மறைகிறது. சுடப்பட்டவர்மீதே ஐயம் விழுகிறது.

எனவே மொழிபெயர்ப்பாளர் தனிச்சொல்லை விடுத்துச் சொற்சேர்க்கையையே பொருள் அலகாகக் கொள்ளவேண்டும். 'வெடிவய்ப்பு', 'வெடியேற்று', 'வெடிநிர்த்தல்' ஆகியவற்றை இருமொழி அகராதிகள் தனிப் பதிவுகளாகத் தருதல் இன்றியமையாதது. உறவுமொழிகளில் அயலான சொல்லைவிடப் பழகிய சொல்லே மிகுந்த விழிப்பை வேண்டி நிற்கிறது எனலாம்.