மியூசிகோலெட்: இணையம் வேண்டாத சங்கீதச் செயலி

மாதச் சந்தா ஒன்றைச் செலுத்திவிட்டால் உலகத்துச் சங்கீதமெல்லாம் விரல் நுனியில் வந்து நிற்கும் இக்காலத்திலும், தாமே தேடிச் சேர்த்த பாட்டுகளைத் தம்முடைய போனிலேயே வைத்துக்கொண்டு கேட்கிறவர்கள் இருக்கத்தான் இருக்கிறார்கள். பழைய கேஸட்டுகளிலிருந்து கணினிக்கு மாற்றிய சபாக் கச்சேரிகளும், நண்பர்கள் பென்டிரைவில் கொடுத்த வானொலிப் பதிவுகளும், எந்தச் சந்தாச் சேவையிலும் அகப்படாத சினிமாப் பாட்டுகளும் நிறைந்த சேகரம் ஒன்றை உடையவருக்கு, புதிய பாட்டைச் சிபாரிசு செய்யும் செயலியால் பெரிய பிரயோஜனமில்லை. உள்ளதை உள்ளபடி காட்டி, தொட்டதைத் தடங்கலின்றிப் பாடுகிற செயலியே அவருக்கு வேண்டுவது. ஆண்ட்ராய்டு போன்களுக்காக க்ரோஸ்பிட்ஸ் வெளியிட்டிருக்கும் மியூசிகோலெட் அந்த ஜாதியைச் சேர்ந்தது என்ற அபிப்பிராயத்துக்கு, சில காலமாக அதை உபயோகித்த பின் வந்திருக்கிறேன்.

அதன் முதல் விசேஷம், அது இல்லாமல் விட்டிருக்கிற ஒன்று. ஆண்ட்ராய்டில் ஒரு செயலி இணையத்தைத் தொடவேண்டுமானால் அதற்கான அனுமதியைத் தன் நிரலில் அறிவித்தே ஆகவேண்டும். மியூசிகோலெட்டோ அந்த அனுமதியைக் கேட்பதே இல்லை. ஆகவே விளம்பரத்துக்கு வழியில்லை. நாம் நள்ளிரவில் எதைக் கேட்டோம் என்ற சமாசாரம் எங்கேயும் போய்ச் சேருவதற்கும் வழியில்லை. இவ்வளவும் இலவசமாகக் கிடைக்கிறது என்பது, இலவசம் என்றாலே சந்தேகப்படப் பழகிவிட்ட நமக்குக் கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

இத்தகைய செயலிகளையெல்லாம் பரீட்சிக்கும் இடம், பாட்டுகளை அவை எப்படி வகைப்படுத்திக் காட்டுகின்றன என்பதே. எம்பி3 கோப்புகளில் பாட்டின் பெயர், பாடியவர், ஆல்பம் முதலிய விவரங்களைப் பொதித்துவைக்கும் ‘டேக்’ என்னும் சீட்டு, 1996-ஆம் ஆண்டில் எரிக் கெம்ப் என்பவர் வகுத்த ஐடி3 முறையிலிருந்து வந்தது. கோப்பின் கடைசியில் 128 பைட்டுகள். அவற்றில் பாட்டின் பெயருக்கு 30, பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30. இனத்தைக் குறிக்க ஒரே ஒரு பைட்டும், அதற்குரிய 80 இனங்கள் கொண்ட ஜாபிதாவும் இருந்தன. அந்த ஜாபிதாவில் போல்கா நடனத்துக்குக்கூட ஓர் எண் கிடைத்தது. கர்நாடக சங்கீதத்துக்குக் கிடைக்கவில்லை. 1998-இல் வந்த இரண்டாவது பதிப்பு இட நெருக்கடியைப் போக்கி, இயற்றியவருக்கென்று தனி இடமும் ஒதுக்கியது என்றாலும், ராகத்துக்கும் தாளத்துக்கும் இன்றுவரை அந்தச் சீட்டில் தனி ஸ்தானம் இல்லை. இனம் எழுதவேண்டிய கட்டத்தில் தோடி என்றும் பைரவி என்றும் எழுதிவைப்பது நம் ரசிகர்கள் சிலர் கண்டுபிடித்த உபாயம்.

இது போதாதென்று, சீட்டை எழுதினவர்களின் கைவண்ணம் வேறு. எம்.எஸ். அவர்களின் பெயரை ஒருவர் முற்றுப்புள்ளிகளோடும், இன்னொருவர் புள்ளியில்லாமலும், மூன்றாமவர் ‘ஸ்ரீமதி’ சேர்த்தும் ஆங்கில எழுத்தில் அடித்திருந்தால், பாடகர் பட்டியலில் ஒரே மேதை மூன்று பேராகப் பிரிந்து நிற்பார். மியூசிகோலெட்டில் இதற்குப் பரிகாரம் உண்டு: வேண்டிய பாட்டுகளையெல்லாம் ஒருசேரத் தேர்ந்தெடுத்து, டேக் திருத்தும் பக்கத்தைத் திறந்து, பாடியவர் பெயரை ஒருமுறை அடித்துச் சேமித்தால் அத்தனை கோப்புகளிலும் அது மாறிவிடுகிறது. பெயரைத் தமிழிலேயே எழுதிவிடலாம். சேகரம் பெரிதானால் வேலையும் பெரிதுதான். அவசரப்படாமல், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வித்வான் என்று வைத்துக்கொள்வது உத்தமம்.

அந்தச் சிரமத்துக்கு உடன்படாதவர்களுக்கு போல்டர்கள் இருக்கின்றன. அரியக்குடி என்று ஒரு போல்டர், அதற்குள் கச்சேரி வாரியாகச் சிறு போல்டர்கள், அவற்றுக்குள் வர்ணத்திலிருந்து மங்களம் வரை எண்ணிட்ட கோப்புகள் என்று கணினியில் கிரமமாக அடுக்கிவைத்திருப்பவர், அதே அடுக்கை இங்கேயும் காணலாம். பாட்டுள்ள போல்டர்களை மட்டும் வரிசையாகக் காட்டும் முறை ஒன்று, கிளைக்குள் கிளையாக இறங்கிப் பார்க்கும் முறை ஒன்று என இரண்டும் உண்டு. சினிமாப் பாட்டுக்கும் இதுவே அனுகூலம். நாம் இளையராஜா பாட்டு, எம்.எஸ்.வி. பாட்டு என்று இசையமைப்பாளர் பெயரால் தேடுகிறவர்கள். டேக் முறையோ பாடகருக்கே முதலிடம் கொடுப்பதால், அன்னக்கிளி முதலாக இளையராஜா இசையமைத்த பாட்டுகளெல்லாம் ஜானகி, எஸ்.பி.பி., மலேசியா வாசுதேவன் என்று ஆளுக்கொரு பக்கம் சிதறிக் கிடக்கும். ராஜா என்று ஒரு போல்டர் போட்டுவிட்டால் அந்த வழக்கு தீர்ந்தது.

ஆயினும் இந்தச் செயலியை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் ‘க்யூ’ வசதிதான். பெரும்பாலான செயலிகளில் ஒரு வரிசை ஓடிக்கொண்டிருக்கையில் வேறோர் ஆல்பத்தைத் தொட்டோமானால் முந்தைய வரிசை கலைந்துபோகும்; முக்கால் மணி நேர ராகம் தானம் பல்லவி ஒன்றைத் தானத்தின் நடுவில் விட்டுவிட்டு, குழந்தை கேட்டதென்று ஒரு சினிமாப் பாட்டைப் போட்டவர், திரும்பி வந்து இடத்தைத் தடவித் தேடவேண்டியதுதான். மியூசிகோலெட்டில் இருபதுக்கும் மேற்பட்ட வரிசைகளைத் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவினாலும் விட்ட இடம் நினைவில் இருக்கிறது. என் போனில் விடியற்காலைக்கு ஒரு வரிசை, பஸ் பிரயாணத்துக்கு ஒரு வரிசை, ஆற அமரக் கேட்பதற்கென்று மதுரை மணி ஐயர் கச்சேரிகள் மட்டும் கொண்ட ஒரு வரிசை இருக்கின்றன. அடுப்பில் நான்கு பாத்திரங்களை ஏற்றி ஒவ்வொன்றையும் அதனதன் பதத்தில் இறக்கும் சமையற்காரரைப்போல் நானும் அவற்றை நிர்வகித்து வருகிறேன். ஒரு வரிசையை அலசிக் கலைத்துப் போட்டாலும் மற்றவற்றின் கிரமம் கெடுவதில்லை.

இயர்போன் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் நிறுத்தமும் தொடக்கமும், இருமுறை அழுத்தினால் அடுத்த பாட்டு, மும்முறை அழுத்தினால் முந்தைய பாட்டு. நான்காவது முறையிலிருந்து பாட்டு முன்னே ஓடும். கூட்ட நெரிசலில் போனைச் சட்டைப்பையிலிருந்து எடுக்காமலே இவ்வளவும் நடக்கிறது. தூங்கும்போது தானே நிற்பதற்கான டைமரும், ஈக்வலைசரும், சாகித்தியத்தைக் கோப்போடு சேர்த்துவைத்துப் பார்க்கும் வசதியும் இருக்கின்றன. அவற்றைப்பற்றி விஸ்தரிப்பதற்கு ஒன்றுமில்லை.

தோற்றத்தில் இது அழகிய செயலி என்று சொல்லத் துணியமாட்டேன். பட்டியல்களும் பொத்தான்களும் நெருங்கி, செட்டிங்ஸ் பக்கம் ஒரு தாலுகா அலுவலகத்துப் படிவம்போல் நீளுகிறது. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இது கிடைக்காது. வீட்டுக் கணினியிலோ சர்வரிலோ சேகரத்தை வைத்துவிட்டு வெளியிலிருந்து கேட்க நினைப்பவர்களுக்கும் இது உதவாது. அவர்கள் அந்த வேலைக்கென்றே அமைந்த சிம்போனியம் என்ற செயலியை விலைகொடுத்து வாங்குவதே சரி. ஒலியை நுணுக்கமாகத் திருத்திக் கேட்பதில் ருசியுள்ளவர்கள் பவராம்ப் என்ற செயலியை முயன்று பார்க்கலாம். சில நாள் இலவசம், பிறகு கட்டணம்.

போனை மாற்ற உத்தேசித்திருப்பவர்கள், இதிலுள்ள பேக்கப் வசதியைக் கொண்டு தங்கள் பட்டியல்கள் முதலியவற்றை ஒரு கோப்பாக எடுத்து, பழைய போனைக் கைமாற்றுவதற்கு முன்பே வேறோர் இடத்தில் பத்திரப்படுத்திக்கொள்ள வேண்டும். இணையத்தையே அறியாத செயலியாகையால், அவற்றின் நகலைத் தானாகவே வெளியே எங்கும் அனுப்பி வைத்திருக்காது.