நீட்டிய நாடா

பாப்பிரெட்டிப்பட்டி வட்டம் கோபாலபுரத்தில் சுப்பிரமணிய சிவா கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. சர்க்கரையை எந்தச் சாக்கில் கட்டுவது என்பது நம் நாட்டில் சட்டம் தலையிடுகிற விஷயம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, அண்மைக் காலமாக உணவு தானியம் முழுவதும், சர்க்கரையில் 20 சதவீதமும் சணல் சாக்கில் போக வேண்டும் என்று அரசு ஆணையிட்டுவருகிறது. மீதிச் சர்க்கரையில் பெரும்பகுதி பாலிபுரொப்பிலீன் நாடாவில் நெய்த வெள்ளைச் சாக்கில்தான் ஊரைத் தாண்டுகிறது. சணல் விவசாயியின் பிழைப்பா, பிளாஸ்டிக்கின் விலையா என்றே இந்த வழக்கு காலங்காலமாக நடக்கிறது. நாடாவுக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அந்தச் சாக்கின் பலமும் கோளாறும் ஒரே இடத்தில், நாடாவை நீட்டும் சூட்டடுப்பில் பிறக்கின்றன.

உருகிய பிளாஸ்டிக் மெல்லிய படலமாக வந்து குளிர்ந்த நீரில் விழுகிறது. சங்கிலி மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள நேரமில்லாமல் அரைகுறையாக உறைகின்றன. படலத்தைக் கீற்றுகளாக அறுத்து, சூடேற்றி, ஐந்து முதல் ஏழு மடங்கு நீளத்துக்கு இழுப்பது அடுத்த வேலை. பாலித்தீன், பாலிபுரொப்பிலீன் போன்றவை முழுப் படிகமும் அல்ல, முழுக் குழப்பமும் அல்ல. சங்கிலிகள் மடிந்து மடிந்து சுமார் 10 நானோமீட்டர் தடிப்புள்ள தகடுகளாகின்றன. தகடுகளுக்கு இடையே ஒழுங்கற்ற பகுதி. இந்த மடிப்பை 1957இல் பிரிஸ்டலில் விஞ்ஞானி ஆண்ட்ரூ கெல்லர் பாலித்தீன் படிகங்களில் கண்டு சொன்னார். இழுக்கும்போது தகடு சாய்கிறது, வழுக்குகிறது, சிறு கட்டிகளாக உடைகிறது. மடிப்புகள் பிரிந்து, சங்கிலிகள் இழுத்த பக்கம் திரும்பி, உடைந்த கட்டிகள் நுண்ணிழைகளாக வரிசை சேர்கின்றன. விஞ்ஞானி ஆன்டன் பீட்டர்லின் வகுத்த இந்தச் சித்திரம்தான் இன்றும் அடிப்படை. குளிர்நீரில் அரைகுறையாக உறைந்த பகுதியும் இந்தச் சூட்டில் ஒழுங்கான மோனோகிளினிக் படிகமாகத் தேறிவிடுகிறது.

பலன் கண்கூடு. நூற்றுச் சொச்சம் கிராம் எடையுள்ள சாக்கு 50 கிலோவைத் தாங்குகிறது. அதே சுமைக்குச் சணல் சாக்கு அரைக் கிலோவுக்கு மேல் வேண்டும். நனைந்தாலும் அழுகாது. இதைக் குறைத்துச் சொல்வது நியாயமில்லை.

ஆனால் நீளவாக்கில் கிடைத்த பலத்துக்கு அகலவாக்கில் விலை கொடுத்தாகிவிட்டது. மிகையாக நீட்டிய நாடா மூங்கில்போல நெடுக்காகப் பிளக்கும். பாவும் ஊடுமாக நெய்வதால் சாக்கு இரு பக்கமும் தாங்குகிறது, அது கெட்டிக்காரத்தனம். பிளவைத் தடுக்கச் சுண்ணாம்புத் தூளும் (கால்சியம் கார்பனேட்) கலக்கிறார்கள். அளவோடு என்றால் சரி. பிளாஸ்டிக்கைவிடத் தூள் மலிவு என்பதால் அந்த அளவு எங்கே நிற்கும் என்பது என் சந்தேகம்.

பெரிய கோளாறு வெயில். நீட்டிய நாடாவில் படிகக் கட்டிகளைப் பிணைத்து நிற்பவை விறைப்பான சில சங்கிலிகள் மட்டுமே. சுமை முழுவதும் அவற்றின் மேல்தான். ஆக்சிஜனால் படிகத்துக்குள் நுழைய முடியாது, கட்டிகளுக்கு நடுவே உள்ள இடைவெளிக்குள் முடியும். புற ஊதாக் கதிர் அதற்குத் துணை போகிறது. நீட்டுவதால் இடைவெளி இறுகி ஆக்சிஜன் மெதுவாகவே புகும் என்பதும் உண்மை, ஆனாலும் அறுபடுவது சுமைதாங்கிகள். ஆகவே வேதிமாற்றம் கொஞ்சமாகவும் பலம் இழப்பது அதிகமாகவும் இருக்கிறது. பார்வைக்கு முழுசாக இருக்கும் சாக்கு, தூக்கும்போது பொடிகிறது. புற ஊதாவைத் தடுக்கும் சேர்மானம் சேர்த்தால் ஆயுள் கூடும், செலவும் கூடும்.

கிடங்கிலிருந்து கடைவரை ஒருமுறை போகும் சாக்குக்கு இதெல்லாம் பெரிதில்லை. நம் ஊரில் சாக்கின் வாழ்க்கை அங்கே முடிவதில்லையே. பிரித்து விரித்தால் ராகி காயும் விரிப்பு, தைத்தால் மாட்டுக்கொட்டகைப் படுதா. தயாரிப்பாளர் கணக்கில் இல்லாத இந்த இரண்டாம் ஆயுளில்தான் நாடா நார்நாராக உதிர்ந்து மண்ணில் கலக்கிறது. சணலும் வெயிலில் இற்றுப்போகும், ஆனால் மண் அதைத் தின்றுவிடும். தில்லியில் 20 சதவீதமா, கூடவா குறையவா என்று பேசுகிறவர்கள், சாக்கின் மேல் கொள்ளளவோடு வெயில் தாங்கும் மாதங்களையும் அச்சிடச் சொல்லலாம். அதற்கு நெசவையோ நீட்டலையோ மாற்ற வேண்டியதில்லை.